இடது காதில் துறைமுகம்

என் அக்காவின் கணவர் பூட்டு சாவி வேலை செய்பவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். தெருவில் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். டீக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவில் ஒரு தகரக் கடை. உள்ளே சாவி வெட்டும் மெஷின், சாமானைக் கடித்துப் பிடிக்க மேசையில் திருகிய ஒரு வைஸ், சுவரெல்லாம் ஆணிகளில் தொங்கும் பல் வெட்டாத சாவிகள். படிப்பை முடித்து, இந்த ஊரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்து, அவர்கள் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுக்க நான் வந்த அன்று மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"மாப்ளே, வெளியில யாராவது நீ எந்த டீம்னு கேட்டா, ஃபுட்பால் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லிடு."

"எனக்கு நிஜமாவே தெரியாது மாமா."

"அப்ப ரொம்ப நல்லது. தெரியாமலே இரு."

இந்த ஊர் அணியின் பெயர் கோட்டை. அரக்கு நிற ஜெர்சி. மாமாவின் சொந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரும் தூரம். அந்த ஊர் அணி துறைமுகம், பச்சை. இரண்டு ஊருக்கும் நடுவில் தண்ணீர்ச் சண்டையோ நிலச் சண்டையோ கிடையாது. பந்து மட்டும்தான். லீக் ஆட்டங்களில் வருடத்துக்கு இரண்டு முறை மோதுவார்கள். அந்த இரண்டு நாளும் இந்தத் தெருவில் மாடுகூடப் பச்சைப் புல்லை யோசித்துத்தான் தின்னும் என்பார் மாமா. சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் வீட்டில் பச்சையாக ஒரு பொருள்கூட இல்லை என்பதை வந்த வாரத்திலேயே கவனித்துவிட்டேன். அக்கா ஒரு தடவை ஞாபகம் இல்லாமல் பச்சை வாளி வாங்கி வந்துவிட, மாமா அன்றைக்கே அதைக் கடைக்குத் தூக்கிப் போய் நீலமாக மாற்றி வந்தாராம்.

மாமாவுக்கு முன்னால் இதே தெருவில் ஒரு துறைமுகத்துக்காரர் இருந்திருக்கிறார். தையற்கடை வைத்திருந்தவர். துறைமுகம் ஜெயித்த ஒரு நாளில் அவர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். "அவரே காலி பண்ணிட்டுப் போயிட்டாரு" என்பார்கள். எங்கே போனார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவருடைய கடைதான் இப்போது மருந்துக்கடை.

அப்படிப்பட்ட ஊருக்கு மாமா ஏன் வந்தார்? அக்காவுக்காக. அவள் வேலை பார்க்கும் ஆயத்த ஆடைக் கம்பெனி இந்த ஊருக்கு இடம் மாறியது. தையல் பிரிவு முழுக்க அவள் மேற்பார்வையில் இருந்தது. அதை விட்டுவிட முடியாது. மாமா தன் மெஷினையும் அரங்களையும் கோணியில் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். "பொண்டாட்டி பின்னாடி வந்தவன் நான்" என்று யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்வார். எதையும் அங்கே விட்டுவிட்டு வந்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. துறைமுகத்தை அவர் விட்டுவிட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

அவர் பிறந்து வளர்ந்தது துறைமுக அணியின் மைதானத்துப் பின்சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில். டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்த்ததே இல்லை. சுவருக்கு அப்பால் இரைச்சல் ஏறிப்போய் உடைந்தால் கோல். ஏறி அப்படியே இறங்கினால் தவறிப்போன பந்து. அதை வைத்தே அந்த வரிசை வீடுகள் முழுக்க ஆட்டத்தைப் பின்தொடரும். மைதானத்துக்குள் அவர் முதல்முறை கால் வைத்தது கழிப்பறைக் கதவின் பூட்டைச் சரிசெய்ய. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடியுற வரைக்கும் அந்தப் பூட்டை நோண்டிக்கிட்டே இருந்தேன் மாப்ளே. அங்க உக்காந்தா பாதி மைதானம் தெரியும். உள்ள இருந்தவரு கத்திக்கிட்டே இருந்தாரு. 'இருங்க சார், கஷ்டமான பூட்டு'ன்னு சொன்னேன். கடைசியில அவரு ஸ்கோர் என்னப்பான்னு கேக்க ஆரம்பிச்சுட்டாரு."

துறைமுகம் ஜெயித்த நாளில் மாமா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். தோற்ற நாளில் அரங்களையெல்லாம் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். வெளியே தெரிகிற அடையாளம் இவ்வளவுதான். யாராவது நேராக "நீங்க எந்த டீமுங்க?" என்று கேட்டால் "எனக்கு எதிர் டீம் துருதாங்க" என்று சிரித்து மழுப்பிவிடுவார். கோட்டை என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் எல்லாம் எளிதாகப் போயிருக்கும்.

ஒரு பந்துக்காக இவ்வளவா என்று எனக்குத் தோன்றும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எதையும் காரணம் கேட்டுத்தான் நம்ப வேண்டும் என்று படித்துவிட்டு வந்தவன். ஆனால் அலுவலகத்தில் மேலாளர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமலேயே நானும் சிரிக்கிறேன். அதற்குக் காரணம் என்ன என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. மாமாவைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியே எனக்கு வந்தது.

அவரிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரேடியோ உண்டு. அதிலிருந்து ஒரு வயர் இடது காதுக்குப் போகும்; வலது பக்கம் மெஷின் இருப்பதால் இடது காது. பழைய பாட்டு கேட்கிறார் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. அதில் வந்தது அவர் ஊர் நிலையம். கரகரத்த தொண்டையோடு ஒருவர் துறைமுகத்தின் ஆட்டங்களை நேரடியாகச் சொல்வார். பக்கத்து டீக்கடை டிவியில் அதே ஆட்டம் ஓடும். ஆனால் டிவிப் படம் எங்கெங்கோ சுற்றி வருவதால், ஒரு வாய் டீயை விழுங்கும் நேரமாவது பிந்தித்தான் வரும். ஆக, தெரு முழுக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் மாமாதான். அது அவருக்கும் தெரியும். அதனால் ரேடியோவில் கோல் என்று கேட்ட உடனே மெஷினை ஓடவிட்டு அதன் மேல் குனிந்துகொள்வார். தெரு கூச்சல் போட்டு முடித்த பிறகுதான் முகத்தை நிமிர்த்துவார். இத்தனை வருடமாக இப்படித்தான் தப்பித்து வந்திருந்தார்.

அந்த லீக் பருவத்தின் முதல் மோதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, துறைமுகத்தின் ஊரில். டீக்கடைக்காரர் டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்துக் கத்தினார்.

"என்னண்ணே, இன்னைக்காவது கடையை மூடிட்டு வந்து உக்காரக் கூடாதா?"

"வேலை நிக்குதுப்பா."

"கோட்டை கோல் போட்டா ஊர்ல இருக்குற பூட்டெல்லாம் தானா திறந்துக்கும். அப்புறம் உங்களுக்கு ஏது வேலை!"

தெரு சிரித்தது. மாமாவும் சிரித்தார். அவர் கையில் இருந்தது கோட்டை ரசிகர் மன்றத்தின் ஷட்டர் சாவி. மன்றத் தலைவர் மாற்றுச் சாவி போடக் கொடுத்திருந்தார். அவர் மின்சாரச் சாமான் கடை நடத்துபவர். அதட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் குரல் தணியத் தணியத்தான் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

துறைமுகம் ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோட்டைக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. தெரு எழுந்து நின்றது. தலைவருக்கு ஒரு பழக்கம் உண்டு: பெனால்டியைப் பார்க்கும் தைரியம் அவருக்குக் கிடையாது. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார். பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மெஷினில் வெட்டும் வேலை முடிந்திருந்தது. மாமா சாவியை வைஸில் கடித்துவைத்து, பிசிறை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். இப்போது மெஷினை ஓடவிட்டுக் குனிய முடியாது. எதிரில் ஒரு முகம் இருந்தது.

"போட்டுருவான்ல?" என்றார் தலைவர்.

அரம் இரண்டு தடவை போய் வந்தது. பிறகு நின்றது.

"புடிச்சுட்டான்," என்றார் மாமா.

மெதுவாகத்தான் சொன்னார். வாய்விட்டுச் சொன்னதே அவருக்குத் தெரிந்திருக்காது. தலைவரின் தோளுக்கு மேலே எனக்கு டிவி தெரிந்தது. கோட்டையின் ஆட்டக்காரர் அப்போதுதான் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தார். பிறகு ஓடி வந்தார். உதைத்தார். துறைமுகத்தின் கோல்கீப்பர் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். தெருவின் இரைச்சல் ஏறி, அப்படியே இறங்கியது.

தலைவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. மாமாவின் காதிலிருந்து வயரை மெல்ல உருவி, தன் காதில் வைத்துக்கொண்டார். கரகரத்த தொண்டை அங்கே கொண்டாடிக்கொண்டிருந்திருக்கும். கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்ல குரல்," என்று சொல்லி வயரைத் திருப்பிக் கொடுத்தார். கையை நீட்டினார். "சாவி."

"இன்னும் முடிக்கலைங்க. பிசிறு இருக்கு."

"பரவால்ல. இருக்கட்டும்."

மாமா வைஸைத் தளர்த்தி இரண்டு சாவியையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நான் யாரு சாவிக்கும் காப்பி எடுத்து வச்சுக்கிற ஆள் இல்லீங்க," என்றார்.

"நான் அப்படிக் கேக்கவே இல்லையே," என்றார் தலைவர். அவர் குரல் கிட்டத்தட்ட கேட்கவே இல்லை.

அன்றைக்கு மாமா இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஏனென்றால் எதுவும் நடக்கவில்லை. யாரும் திட்டவில்லை. கல் எறியவில்லை. முன்பெல்லாம் டீக்கடைக்காரர் மாமாவுக்கு டீயைக் கடைக்கே கொண்டுவந்து வைப்பார். இப்போது மாமா எழுந்து போய் வாங்கினார். "அண்ணே" என்று கூப்பிட்டவர்கள் "சார்" என்றார்கள். கேலி முழுசாக நின்றுபோனது. ஒரு மனிதரிடம் ஊர் இவ்வளவு மரியாதையாகப் பேசினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

காலையில் கடையைத் திறக்கப் போனால் பூட்டின் சாவித் துவாரத்துக்குள் ஒரு தீக்குச்சி ஒடிந்து கிடக்கும். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தோம். மறுநாளும் இருந்தது. அப்புறம் தினமும். மாமா ஊசிமுனை இடுக்கியால் அதை உருவி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார், யாரும் பார்ப்பதற்கு முன்னால்.

"சொருகுற கை நல்ல கை மாப்ளே. அடி வரைக்கும் தள்ளியிருக்கான். தொழிலுக்கு வந்தா பொழைச்சுக்குவான்."

"சிரிக்கிற விஷயமா மாமா இது?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

அக்கா அப்படி விடுகிறவள் இல்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் ஒன்னு கேக்குறேன். அந்த டீம் உங்களுக்குச் சோறு போடுதா?"

"இல்ல."

"உங்க பேராவது அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அப்புறம் என்னங்க! அரக்குக் கலர்ல ஒரு துண்டு. எங்க கம்பெனியில வெட்டுத்துணியிலயே கிடைக்கும். கடை வாசல்ல தொங்கவிடுங்க. மனசுக்குள்ள யாரை வேணா வச்சுக்கங்க, யாரு வந்து பாக்கப் போறா?"

மாமா ஒரு உருண்டையைப் பிடித்துக்கொண்டே யோசித்தார். "தொங்கவிட்டா தினமும் நான் பாக்கணுமே," என்றார்.

அன்று நான் கையைக் கழுவிவிட்டு நேராக மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். அந்த வாரம்தான் என் அலுவலகத்தில் எல்லோரும் கோட்டையின் அரக்கு நிற நாடாவை அடையாள அட்டையில் கோத்துக்கொண்டார்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நாடா மேசைமேல் கிடந்தது. நானும் எடுத்துக் கோத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.

பருவத்தின் கடைசி ஆட்டமாக அமைந்தது இரண்டாவது மோதல். அதற்குள் கோட்டை தோற்றுத் தோற்றுப் பட்டியலின் அடிக்குப் போயிருந்தது. அந்த ஆட்டத்தில் டிராவாவது செய்யவில்லை என்றால் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். எதிரே துறைமுகம். ஆட்டம் இந்த ஊரிலேயே. சுவர்களில் அரக்கு வண்ணம் ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் கடைக்கு வலதுபக்கத்துச் சுவரும் இடதுபக்கத்துச் சுவரும் பூசப்பட்டன. நடுவில் கடையை மட்டும் தொடாமல் விட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருந்தது.

மன்றத்தின் ஷட்டருக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தார்கள். வேறு பேட்டையிலிருந்து ஆள் வந்து போட்டுவிட்டுப் போனான். மாமா அந்த வழியாகப் போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோணலா மாட்டியிருக்கான்," என்றார். என்னிடம் மட்டும்தான்.

ஆட்ட நாள் காலையில் தலைவர் படியேறி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் நாலைந்து பேர். எல்லோரும் ஜெர்சியில்.

"ஒரு உதவி," என்றார். ஷட்டர் பூட்டில் சாவி முறிந்துவிட்டது. உள்ளே தெருப் பெண்கள் ஒரு மாதமாக உட்கார்ந்து தைத்த கொடி. மைதானத்தின் ஒரு பக்கத்தையே மூடும் அளவு பெரியது. ஷட்டரை ஒட்டியே மடித்து அடுக்கியிருக்கிறார்கள். இரும்பு வெட்டும் மெஷினை வைத்து அறுத்தால் தீப்பொறி துணியில் விழும். பூட்டு மாட்டியவன் போனை எடுக்கவில்லை. மதியம் ஆட்டம்.

"கீழ இருங்க, பையை எடுத்துட்டு வர்றேன்," என்றார் மாமா.

அவர்கள் படியிறங்கியதும் அக்கா கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"போகாதீங்க. காய்ச்சல்னு சொல்றேன். திறக்க முடியலைன்னு வைங்க, வேணும்னே பண்ணான்னு சொல்லுவாங்க. திறந்துட்டீங்கன்னு வைங்க, இவன் நினைச்சா எந்த வீட்டையும் திறப்பான்னு சொல்லுவாங்க."

"ரெண்டாவது உண்மைதானே."

"அதான் பயமே!" அவள் குரல் உடைந்தது. பிறகு அவளே சமாளித்துக்கொண்டாள். "சரி, போங்க. ஆனா மெதுவாத் திறங்க. அன்னைக்கு அந்தக் கக்கூஸ் கதவை நோண்டுனீங்கல்ல, அதே மாதிரி. வேர்த்து ஊத்தட்டும். முடியாது போலிருக்கேன்னு நாலு தடவை சொல்லுங்க. அவங்களுக்கே பாவமா இருக்கணும்."

"அன்னைக்கு ஆட்டம் நல்லா இருந்துச்சு," என்றார் மாமா. அவள் சிரிக்கவில்லை.

மன்றத்தின் முன்னால் தெருவே நின்றது. விலகி வழிவிட்டார்கள், நாங்கள் உள்ளே போனதும் வழி மூடிக்கொண்டது. மாமா ஷட்டர் முன்னால் மண்டியிட்டார். நான் பையைத் திறந்து பிடித்தேன். முறிந்த துண்டை இடுக்கியால் அசைத்து அசைத்து வெளியே எடுத்தார். அடுத்து மெல்லிய இரண்டு கம்பிகள். கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக மாமா, மெதுவாக என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். தலைவர் போனில் யாருக்கோ "ஆள் வந்துட்டாரு, இப்பதான் உக்காந்திருக்காரு..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் பூட்டு திறந்துகொண்டது.

வேண்டுமென்றே மெதுவாகச் செய்ய அவருக்கு அன்று கை வரவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

யாரோ ஒருவர் கையை ஒரு தட்டுத் தட்டினார், உடனே நிறுத்திக்கொண்டார். யாரும் ஷட்டரைத் தூக்கப் போகவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். ஆண்களின் கைகள் கால்சட்டைப் பைக்குள் போயிருந்தன. ஒரு அம்மா இடுப்புச் சாவிக்கொத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார். "நம்ம வீட்டுல இருக்குறதும் இதே பூட்டுதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தலைவர் போனை அணைத்தார். "உங்க டீம் இன்னைக்கு ஜெயிக்கணும்னுதானே நினைக்கிறீங்க?" என்றார். அந்தத் தணிந்த குரல் எல்லோருக்கும் கேட்டது.

மாமா கம்பிகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஆமாங்க," என்றார்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அதை அவர் வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மேல் யாரும் கை வைக்கவில்லை. கூலியும் அவர் வாங்கவில்லை. நாங்கள் வீட்டுக்கு நடந்தோம். பின்னால் ஷட்டர் உயரும் சத்தம் கேட்டது.

மதியம் கதவைத் தாழிட்டுக்கொண்டு, காது வயரை உருவிவிட்டு மூன்று பேரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தாள். கோட்டை ஜெயிக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்வது மாமாவுக்கும் தெரிந்தது. ஆட்டம் டிராவில் முடிந்தது. கோட்டை தப்பித்தது. தெரு வெடித்துக் கிளம்பியது. பட்டாசு, விசில், வண்டி ஹாரன். எங்கள் சன்னல் பக்கம் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டே கடந்து போனது. ஒரு கல்கூட விழவில்லை.

"முடிஞ்சுது," என்றாள் அக்கா. உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து படுத்துக்கொண்டாள். "அப்பாடா. முடிஞ்சுது."

மறுநாள் காலையில் மேல்மாடியிலிருந்து, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்தார். பணி ஓய்வு பெற்ற தபால்காரர். மாதக்கணக்கில் எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர், அன்று சிரித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு யோசனை கேக்கணும். உங்களாலகூடத் திறக்க முடியாத பூட்டுன்னு ஏதாவது இருக்குங்களா?"

மாமா வாசல் கதவின் பூட்டை ஒரு தரம் பார்த்தார். அப்போது அவர் எதை எடைபோட்டார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

"இருக்குங்க," என்றார். "வெளிநாட்டுக் கம்பெனிப் பூட்டு. சாவியில பல் இருக்காது, குழிக்குழியா இருக்கும். நானும் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன். முடியல."

"நீங்களே வாங்கிப் போட்டுத் தர்றீங்களா?"

"தர்றேங்க."

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. கடைமுன் ஆட்கள் வந்து நின்றார்கள். "சார் அந்தப் பூட்டு", "எனக்கும் ஒன்னுங்க", "முன்கதவு பின்கதவு ரெண்டுக்கும்." மாமா மொத்தக் கடையில் சொல்லி வரவழைத்து வீடு வீடாகப் போய் மாட்டினார். துளைபோடும் மெஷின் நாளெல்லாம் தெருவில் அலறியது. தீக்குச்சி நின்றது. டீ மறுபடி கடைக்கே வந்தது. "அண்ணே" திரும்பி வந்தது. "துறைமுகத்து அண்ணே, நம்ம வீட்டுக்கு எப்ப வர்றீங்க?" என்று கேலிகூட வந்தது. அக்கா வாசலில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்தேன். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தப் பூட்டின் சாவிக்கு இங்கே மாற்றுச் சாவி வெட்ட முடியாது. கம்பெனிக்கு எழுதிப்போட்டு வரவழைக்க வேண்டும். மாமாவின் மெஷினுக்கு அதில் வேலையே இல்லை. இந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாக அவர் தன் பிழைப்பைத் தானே பூட்டிக்கொண்டு வந்தார்.

"வேற சுமாரான பூட்டு ஒன்னைச் சொல்லியிருக்கலாமே மாமா," என்றேன். "அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"கேட்டாங்க. சொன்னேன்." துளைபோட்ட இடத்து மரத்தூளை வாயால் ஊதினார். "பொய் சொல்லியிருந்தா அன்னைக்கு மன்றத்து வாசல்ல 'ஆமாங்க'ன்னு சொன்னதுக்கு என்ன மதிப்பு?"

என் பைக்குள் அரக்கு நாடா இருந்தது.

கடைசியாக எங்கள் கட்டடத்தின் கீழ்வாசல் இரும்புக் கதவு. நாங்களும் வீட்டுக்காரரும் போய்வர அது ஒன்றுதான் வழி. மாமா பூட்டை மாட்டி முடித்ததும் வீட்டுக்காரர் எங்கள் சாவியையும் சேர்த்து எல்லாச் சாவிகளையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார், கதவைச் சாத்தினார். உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது.

"எங்க, திறங்க பாப்போம்!" என்றார் உள்ளேயிருந்து.

டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். மன்றத் தலைவரும் வந்து நின்றார். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. மாமா மண்டியிட்டார். கம்பிகளை எடுத்தார். கண்ணை மூடினார். நிஜமாகவே முயன்றார், அவர் கழுத்து நரம்பைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வேர்வை காதோரம் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. கம்பியை மாற்றினார். மறுபடி முயன்றார்.

"முடியலீங்க," என்றார்.

தெரு கோல் விழுந்ததுபோல் கத்தியது. கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். டீக்கடைக்காரர் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தார். மாமா எழுந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கதவருகே இருந்த மணியை அழுத்தினார். மேலே சன்னலில் அக்கா நின்றிருந்தாள்.

வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாலேயே இருந்தார். அவர் சிரிப்பு கேட்டது. "யாரு?" என்றார்.

"நான்தாங்க."

"நான்தான்னா? யாருன்னு சொன்னாத்தானே திறக்க முடியும்!"

தெரு இன்னும் சத்தமாகச் சிரித்தது. கேலிதான். மாமாவும் சிரித்திருக்கலாம். சாவிக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி எல்லோருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார்.

"துறைமுகத்துக்காரன்."

சிரிப்பு ஓரத்திலிருந்து நின்றுகொண்டே வந்து, முழுசாக நின்றது. சாவி திரும்பும் சத்தத்துக்காக நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.